கணினி மேஜை: மானிட்டர் வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

போன இதழில் மானிட்டர் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளைப் பார்த்தால் ஊரே மானிட்டர் மாற்றக் கிளம்பிவிட்டதுபோல இருக்கிறது. அதனால் பிரிண்டர், வைரஸ், மறந்துபோன பாஸ்வேர்டு எல்லாம் வரிசையில் நிற்கட்டும். இந்த முறை மானிட்டர் மட்டும்.

"நல்ல 4கே மானிட்டர் ஒன்றின் பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டவர்களுக்குப் பெயர் சொல்லப்போவதில்லை. நான் சொன்ன மாடலைச் சென்னை ரிச்சி தெருவில் போய்க் கேட்டால், "அது இப்ப வர்றதில்ல சார், இத எடுத்துக்குங்க" என்று வேறொன்றைக் கையில் கொடுப்பார்கள். கொடுப்பதைப் பார்த்து எடைபோடத் தெரிந்தால் போதும். எழுதியவர்களில் பெரும்பாலோர், தங்கள் சிபியு பெட்டி என்ன, அதன் முதுகில் என்னென்ன போர்ட் (கேபிள் செருகும் துளை) இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கிய பிறகு வருகிற வயிற்றெரிச்சலில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

*பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். வயது 61. இருப்பது பழைய 18.5 இன்ச் மானிட்டர். ண, ன இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. மெய்க்குப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மகன் 27 இன்ச் 4கே வாங்கலாம் என்கிறான். கடைக்காரர், 27 இன்ச்சில் ஃபுல் எச்டியே தாராளம், 4கே எல்லாம் வீண் செலவு என்கிறார். யார் சொல்வது சரி?*
— வாசகர், கும்பகோணம்

உங்கள் மகன் சொல்வதுதான் சரி ஐயா. கடைக்காரர் பேச்சைக் கேட்டால் காசும் போய், எழுத்தும் தெளியாது.

உங்கள் பழைய மானிட்டர் அநேகமாக 1366×768 ரகம், அதாவது குறுக்கே 1366, மேலிருந்து கீழே 768 பிக்ஸல் (ஒளிப்புள்ளி). அதில் ஒரு இன்ச் நீளத்துக்கு 85 பிக்ஸல். 27 இன்ச் ஃபுல் எச்டியில் (1920×1080) இன்ச்சுக்கு 82. அதாவது பழையதைவிடக் கொஞ்சம் கரடுமுரடு! எழுத்து துளி பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ஓர் எழுத்துக்கு அதே எண்ணிக்கைப் பிக்ஸல்தான் கிடைக்கும். 27 இன்ச் 4கே (3840×2160) திரையில் இன்ச்சுக்கு 163 பிக்ஸல். பழையதைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

இது தமிழுக்கு ஏன் முக்கியம் என்று பாருங்கள். விண்டோஸில் 10 பாயின்ட் எழுத்து, சாதாரண 100 சதவீத அளவில், சுமார் 13 பிக்ஸல் உயரத்துக்குள் அடங்கியாக வேண்டும். அந்த 13-க்குள் மேலே புள்ளி, இகர ஈகாரச் சுழிப்பு, கீழே உகரக் கால், நடுவில் எழுத்தின் உடம்பு என்று எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். ஆங்கில n-க்கு இரண்டு கால் போதும். நம் ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு சுழி. சுழியின் நடுவில் இருக்க வேண்டிய வெள்ளை ஓட்டைக்கு ஒரு பிக்ஸல் கிடைத்தால் பெரிது. அது கிடைக்காத இடத்தில் கணினி சாம்பல் நிறத்தைப் பூசி ஒப்பேற்றிவிடும். நீங்கள் பார்ப்பது அந்தச் சாம்பலைத்தான். உங்கள் கண் மீது பழி போடாதீர்கள்.

4கே மானிட்டர் வந்ததும் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ஸ்கேல்' என்ற இடத்தில் 200 சதவீதம் வையுங்கள். 27 இன்ச்சுக்கு விண்டோஸ் தானாக 150 வைத்துக்கொள்ளும்; அதில் எழுத்தின் உயரம் உங்கள் பழைய திரையில் இருப்பதைவிடக் குறைந்துவிடும். 200 வைத்தால் பழைய உயரத்துக்குத் துளி கூடுதலாகவே இருக்கும், ஆனால் 13 பிக்ஸலுக்குப் பதில் 27 பிக்ஸலில் வரைந்திருக்கும். மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரியும். 200 வைத்தால் இடம் குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அப்போதும் 1920×1080 அளவுக்கு இடம் இருக்கும், இப்போது உங்களிடம் இருப்பதைவிட அதிகம்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. 27 இன்ச் திரை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் அகலம், 33.5 சென்டிமீட்டர் உயரம். டெமி அளவுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களை அசல் அளவைவிடப் பெரிதாகவே பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். மூலப்பிரதி ஒருபுறம், மெய்ப்பு மறுபுறம். அவ்வப்போது மாற்றி மாற்றிக் கிளிக் செய்கிற வேலை போய்விடும்.

இதற்கு மேல் 5கே என்று ஒன்று இருக்கிறது, அதையும் மகன் காட்டுவார். வேண்டாம். 60 சென்டிமீட்டர் தூரத்தில் நல்ல பார்வை உள்ளவருக்கே 0.17 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளி பிரிந்து தெரிவது சிரமம். 27 இன்ச் 4கே திரையில் ஒரு பிக்ஸலின் அளவு 0.16 மில்லிமீட்டர். அதற்குக் கீழே போய் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மிச்சமாகும் பணத்தில் ஒரு காரியம் செய்யுங்கள்: உயரம் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்டு உள்ளதாக வாங்குங்கள். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் பெரிய மானிட்டர் முன் உட்கார்ந்தால் தலையை அண்ணாந்து, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் படிப்பார்கள். சாயங்காலத்துக்குள் பிடரி வலி. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அப்புறம் கண் மருத்துவரிடம், "திரைக்கும் கண்ணுக்கும் இடையே இவ்வளவு தூரம்" என்று அளந்து சொல்லி, கணினிக்கென்று தனிக் கண்ணாடி கேளுங்கள். இதைச் சொன்னால் மானிட்டர் விற்கிறவர்களுக்குப் பிடிக்காது, ஆனால் பல வீடுகளில் புது மானிட்டரைவிட இதற்குத்தான் பலன் அதிகம்.

பெட்டி எது என்று நீங்களும் எழுதவில்லை. அடுத்த பதிலை மகனைப் படிக்கச் சொல்லுங்கள்.

*27 இன்ச் 4கே மானிட்டர் வாங்கினேன். படம் அருமை. ஆனால் மவுஸ் அம்பு விட்டு விட்டு ஓடுகிறது. பக்கத்தை உருட்டினால் துடிக்கிறது. நண்பர்கள் சொன்னார்கள் என்று ராமை 16 ஜிபி ஆக்கினேன், ஒரு மாற்றமும் இல்லை. இன்டெல் ஐ5, எட்டாம் தலைமுறை. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.*
— கல்லூரி மாணவர், திருப்பூர்

தம்பி, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்று இருக்கும். அதற்குள் போய் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று பார். 30 ஹெர்ட்ஸ் என்று காட்டும். திரை ஒரு நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. வழக்கமாக வேண்டியது 60. நீ சொல்கிற துடிப்பு அதுதான். ராமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

காரணம் எச்டிஎம்ஐ, அதாவது பெட்டியிலிருந்து மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் இணைப்பு. இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களில் ஆறிலிருந்து பத்தாம் தலைமுறை வரை, உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸிலிருந்து வருவது எச்டிஎம்ஐ 1.4. அதில் 4கே போனால் 30 ஹெர்ட்ஸ்தான் உச்சம். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், அது பதினொன்றாம் தலைமுறையில்தான் பிராசஸருக்குள் வந்தது. விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் சரியாகுமா என்று அடுத்து கேட்பாய். ஆகாது. குறுகலான குழாயில் அகலமான ஹோஸை மாட்டினால் தண்ணீர் கூடவா வரும்?

ஆனால் அதே பிராசஸர் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பு வழியாக 4கே-யை 60 ஹெர்ட்ஸில் தரும். பெட்டியைத் திருப்பிப் பார். எச்டிஎம்ஐ துளை கீழ்ப்பக்கம் இரண்டு மூலையிலும் சரிந்து குறுகும். டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டியதுபோல இருக்கும். இருந்தால் பிரச்சினை ஒரு கேபிளோடு முடிந்தது. இரண்டு முனையும் டிஸ்ப்ளேபோர்ட்டாக இருக்கும் கேபிள் வாங்கு. மானிட்டரிலும் அந்தத் துளை அநேகமாக இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் பெட்டிகளைச் செகண்ட்ஸில் வாங்குகிறோமே, அவற்றில் பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும். நாம் ஆசை ஆசையாகப் புதிதாக அசெம்பிள் செய்த பெட்டியில், குறைந்த விலை மதர்போர்டு என்பதால், விஜிஏவும் எச்டிஎம்ஐயும் மட்டும் இருக்கும். விஜிஏ 1987-ல் வந்த சங்கதி. அதில் 4கே பற்றிப் பேச்சே கிடையாது.

உன் பெட்டியில் டிஸ்ப்ளேபோர்ட் இல்லை என்றால் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. விலை குறைவு என்று ஜிடி 710 கார்டைத் தலையில் கட்டுவார்கள். அதன் எச்டிஎம்ஐயும் 4கே-யில் 30-தான். மறுபடி ஆரம்பித்த இடத்திலேயே நிற்பாய். ஜிடி 1030 ரகத்தில் எச்டிஎம்ஐ 2.0 உண்டு. கார்டு போட்டபிறகு கேபிளைக் கார்டின் துளையில் செருகு. பழக்க தோஷத்தில் பழையபடி மதர்போர்டிலேயே செருகிவிட்டு, "கார்டு போட்டும் மாறவில்லை" என்று கடைக்கு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கேபிளில் இன்னொன்று. ஒரு முனை டிஸ்ப்ளேபோர்ட், மறுமுனை எச்டிஎம்ஐ என்று விற்கும் கேபிள்கள் ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளேபோர்ட் முனை பெட்டியிலும் எச்டிஎம்ஐ முனை மானிட்டரிலும் இருந்தால்தான் வேலை செய்யும். திருப்பிப் போட்டால் திரை கறுப்புதான். சரியான பக்கம் போட்டாலும், மலிவுக் கேபிள்கள் பல 4கே-யில் 30-க்கு மேல் போகாது.

புதிதாகப் பெட்டி வாங்குகிறவர்கள் பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். ஐ5 12400எஃப் போல 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கும், படம் வராது.

*டெய்லி காலண்டர், லேபிள் டிசைன் செய்யும் சிறிய டிடிபி சென்டர் நடத்துகிறேன். திரையில் பார்த்த நிறம் அச்சில் வருவதில்லை. அச்சில் எல்லாமே இருட்டடிக்கிறது. பிளேட் போட்டபிறகு பார்ட்டி சண்டைக்கு வருகிறார். 4கே மானிட்டர் வாங்கினால் நிறம் சரியாகிவிடுமா? பக்கம் வடிவமைக்க இன்னும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருள்தான் பயன்படுத்துகிறோம்.*
— வாசகி, சிவகாசி

ஆகாது அக்கா. 4கே என்பது பிக்ஸல் எத்தனை என்ற கணக்கு மட்டும். நிறம் வேறு கணக்கு. நிறம் தப்பாகக் காட்டும் மானிட்டரில் 83 லட்சம் பிக்ஸல் இருந்தால், 83 லட்சமும் தப்பாகவே காட்டும்.

முதலில் இப்போது இருக்கும் மானிட்டரில் காசு செலவில்லாத சோதனை ஒன்று. பிரிண்டருக்குப் போடும் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மானிட்டருக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். திரை வெள்ளை டியூப்லைட்போலவும் தாள் அழுக்கு வேட்டிபோலவும் தெரிந்தால், உங்கள் 'இருட்டடிப்பு' அங்கேதான் இருக்கிறது. மானிட்டர்கள் கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து அனுப்புகிறார்கள். 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை போகும். அச்சு வேலைக்கு 80 முதல் 120 போதும். இரண்டு வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும்வரை மானிட்டரின் பட்டனை அழுத்திப் பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் இரண்டு நாள் மங்கலாக இருப்பதாகத் தோன்றும். பழகிவிடும். பையன்கள் யாரும் திரும்ப ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது மானிட்டர் வாங்குவதென்றால் ஐபிஎஸ் பேனல் (திரையின் ஒரு ரகம்) என்று கேட்டு வாங்குங்கள். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் வெளுக்கும். பார்ட்டி எப்போதும் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்றுதானே பார்ப்பார்? எஸ்ஆர்ஜிபி (கணினித் திரைகளின் வழக்கமான நிற எல்லை) 100 சதவீதம் என்பது அடிப்படை. அச்சு மையின் சயான் (பச்சை கலந்த நீலம்) எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே போகக்கூடியது. அதற்கு அடோபி ஆர்ஜிபி என்ற இன்னும் பரந்த நிற எல்லையை முழுமையாகக் காட்டும் மானிட்டர் வேண்டும், விலை ஒரேயடியாக ஏறும். அதை வாங்கினாலும் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவியும், மானிட்டரின் நிறக் குறிப்பை (புரொஃபைல்) படிக்கத் தெரிந்த மென்பொருளும் இல்லாவிட்டால், எல்லா நிறமும் அளவுக்கு மீறிக் கொழுத்துத் தெரியும். பேஜ்மேக்கரில் வேலை நடக்கும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பேஜ்மேக்கர் என்றதும் இன்னொன்று. அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-ல். சாதாரண மேஜைக்கு 4கே வராத காலம். 4கே திரையில் அதைத் திறந்தால் விண்டோஸ் அதன் ஜன்னலை அப்படியே புகைப்படம்போல இழுத்துப் பெரிதாக்கும், எழுத்தெல்லாம் புகைமூட்டம். அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், காம்பேட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று போய் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' வைத்தால் சில மென்பொருள்கள் தெளிகின்றன, சில தெளிவதில்லை. இதை நம்பிப் பணம் போட வேண்டாம். உங்களுக்கு என் சிபாரிசு 27 இன்ச், 2560×1440. கடையில் 'க்யூஎச்டி' அல்லது '2கே' என்பார்கள். இன்ச்சுக்கு 109 பிக்ஸல். ஸ்கேலை 100-லேயே விட்டுவிடலாம், எல்லாப் பழைய மென்பொருளும் ஒழுங்காக ஓடும், பெட்டியில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4 என்றாலும் 60 ஹெர்ட்ஸ் வரும். பில்லை உங்கள் சென்டரின் ஜிஎஸ்டி எண் போட்டு வாங்குங்கள், கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

எந்த மானிட்டர் வாங்கினாலும், பார்ட்டியிடம் புரூஃப் தாளில் கையெழுத்து வாங்கிய பிறகே பிளேட்டுக்கு அனுப்புங்கள். திரையில் காட்டி ஓகே வாங்குகிற பழக்கம் இருக்கும்வரை சண்டை ஓயாது.

*32 இன்ச் க்யூஎச்டி, 27 இன்ச் க்யூஎச்டி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருகின்றன. பெரியதை வாங்கிவிடலாமா?*
— வாசகர், கரூர்

32-ல் அதே பிக்ஸல்கள் பரந்து கிடக்கும். இன்ச்சுக்கு 92. 24 இன்ச் ஃபுல் எச்டியில் பார்க்கும் அதே தரம்தான். தூரத்தில் உட்கார்ந்து படம் பார்க்க 32. எக்ஸல், எழுத்து வேலைக்கு 27. 32 வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் 4கே-யாக வாங்குங்கள். அதில் 138 வரும், 125 அல்லது 150 ஸ்கேலில் அருமையாக இருக்கும்.

*வீட்டில் 43 இன்ச் 4கே டிவி சும்மா கிடக்கிறது. ஷேர் மார்க்கெட் பார்க்க அதையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா?*
— வாசகர், நாகர்கோவில்

சார்ட் பார்க்க வைத்துக்கொள்ளலாம். மேஜையில் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு கடிதம் அடிக்க வேண்டாம். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

இணைத்ததும் கறுப்புப் பின்னணியில் சிவப்பு, நீல எழுத்துகளை அடித்துப் பாருங்கள். உங்கள் சார்ட் திரையே அப்படித்தானே இருக்கும். விளிம்பு கசிந்து தெரிந்தால், டிவி நிறத் தகவலைக் குறைத்து வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். வீடியோவில் இது கண்ணுக்குத் தெரியாது, எழுத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பல டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் சரியாகும். சிலவற்றில் எச்டிஎம்ஐ செட்டிங்கில் 'என்ஹான்ஸ்டு' என்பதுபோல ஒன்றை ஆன் செய்தால்தான் 60 ஹெர்ட்ஸே வரும். திரையின் ஓரம், அதாவது விண்டோஸின் கீழ்ப்பட்டை, வெட்டுப்பட்டால் படத்தின் அளவை 'ஸ்கிரீன் ஃபிட்' போன்றதற்கு மாற்றுங்கள். இவ்வளவும் செய்தும் எழுத்து கசிந்தால் அந்த டிவியைச் சீரியலுக்கே விட்டுவிடுங்கள்.

*மானிட்டர் அட்டைப்பெட்டி மேல் 'எச்டிஆர்', '1 மில்லிசெகண்ட்', '4கே சப்போர்ட்' என்று என்னென்னவோ ஒட்டியிருக்கிறார்கள். எதை நம்புவது?*
— வாசகர், வேலூர்

'சப்போர்ட்' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் ஒரு அடி பின்னால் போய் நில்லுங்கள். எச்டிஆர் (வெளிச்சம், இருட்டு வித்தியாசத்தைத் தூக்கலாகக் காட்டும் முறை) சப்போர்ட் என்றால் அந்தச் சிக்னல் வந்தால் வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். 250 நிட்ஸ் மானிட்டரில் அதனால் ஒரு அழகும் கூடாது. மலிவுப் புரொஜெக்டர்களில் '4கே சப்போர்ட்' என்பதும் அதே கதை. 4கே-யை வாங்கி 1080-ஆகச் சுருக்கிக் காட்டும். 'நேட்டிவ் ரிசொல்யூஷன்' என்ற வரியைத் தேடுங்கள், அதில் 3840×2160 என்று இருக்க வேண்டும். ஒரு மில்லிசெகண்ட் என்பது பிக்ஸல் நிறம் மாறும் வேகம்; அதெல்லாம் கணினி விளையாட்டுக்காரர்கள் கவலை.

*ஆன்லைனில் 4கே மானிட்டர் ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?*
— வாசகி, திண்டுக்கல்

அட்டைப்பெட்டியைப் பிரிப்பதிலிருந்து திரை ஒளிர்வது வரை செல்போனில் ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள்; நடுவில் நிறுத்த வேண்டாம். உடைந்து வந்தால் அதுதான் சாட்சி.

அப்புறம் அறையை இருட்டாக்கி, முழுத்திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக வையுங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளி, கறுப்பில் எரிகிற புள்ளி இருக்கிறதா என்று மூலை மூலையாகப் பாருங்கள். ஒன்றிரண்டு செத்த பிக்ஸல் இருந்தால் அது வாரன்டியில் சேராது என்று பல கம்பெனிகள் தங்கள் விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. கம்பெனி சர்வீஸுக்குப் போன் போட்டு மல்லுக்கட்டுவதைவிட, திருப்பி அனுப்பும் நாள் கெடுவுக்குள் ஆன்லைன் கடைக்கே திருப்பிவிடுவது சுலபம். ஐபிஎஸ் திரையில் கறுப்பு வைக்கும்போது மூலைகளில் லேசாக வெளுப்பது சகஜம், அதற்குப் பதற வேண்டாம்.

ரெஃப்ரெஷ் ரேட் 60 காட்டுகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். அட்டைப்பெட்டியைத் தெர்மாகோலோடு பரண்மேல் ஏற்றி வையுங்கள். கெடு முடிகிறவரை பழைய பேப்பர்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.